துண்டு கிடந்த நாற்காலிகள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நாங்கள் கப்பலுக்குப் புறப்பட்டோம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான். 2002 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்த கையோடு நாகல் நகரில் வீட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோ ஏறினோம். ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஏழே முக்காலுக்குத் திருச்சி வண்டி, திருச்சியில் விமானம், கொழும்பில் இறங்கி இன்னொரு விமானம், அதற்கப்புறம் சிங்கப்பூர். கப்பல் அங்கேதான் நின்றது. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதால் எனக்கு இந்தச் சுற்று பெரிதாகத் தெரியவில்லை.

நான் பிலோமினா. பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சர். அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து முப்பத்தோரு வருடம் அரசு பஸ் கண்டக்டர். ஆரம்பத்தில் குஜிலியம்பாறை டவுன் பஸ், கடைசிப் பத்தொன்பது வருடம் திருச்சி வண்டி. பஸ்ஸில் கண்டக்டருக்கென்று ஒரு சீட் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்டு. அதில் எப்போதும் ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருப்பாள், இவர் பக்கத்தில் நிற்பார். நின்று நின்றே இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. மருத்துவர் காலைத் தூக்கி வைத்து உட்காரச் சொன்னார். வீட்டில் இருந்தால் மனுஷன் உட்காருகிற ஆள் இல்லை.

எங்கள் ஊர் சாலை ரோட்டில் ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த வழவழப்பான காகிதத்தில் ஒரு படம் இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் ஒரு கணவனும் மனைவியும் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கடல், வேறொன்றுமில்லை. அந்தப் படத்தை இவர் கத்தரித்து எடுத்துத் தன் பழைய தோல்பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் எதையும் ஆசைப்பட்டுக் கேட்காத மனுஷன் அன்றைக்கு என்னிடம் சொன்னது இதுதான்: "பிலோமி, டிக்கெட் கிழிக்காம, விசில் ஊதாம, ஒரு பயணம் நான் உக்காந்து போகணும். ஒரு நாப் பூரா. அம்புட்டுத்தான்." ஆளுக்கு நாற்பத்தோராயிரம் ரூபாய், என் ஓய்வூதியப் பணத்திலிருந்து கட்டினேன். ஒரு பைசாவுக்கும் நான் வருந்தவில்லை, அப்போது.

திருச்சி வண்டியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வடமதுரையில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். இவர் எழுந்துகொண்டார். மிச்சம் எண்பது சொச்சம் கிலோமீட்டரும் கம்பியில் சாய்ந்து நின்றபடி, டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பையனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தபடி வந்தார். போகட்டும், கப்பலில் உட்காரட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கப்பல் நிலையம். முதலில் தெரிந்தது கப்பல் இல்லை, வரிசை. எனக்குத் தெரிந்து அவ்வளவு நீள வரிசையை வேளாங்கண்ணித் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது ஜெபமாலை உருட்டிக்கொண்டே நகரலாம். இங்கே இரண்டு மணி நேரம் நின்று, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் வாசலிலேயே ஒருவன் எங்களை நிறுத்திப் போட்டோ எடுத்தான். வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று இவர் சந்தோஷமாகப் பல்லைக் காட்டினார். அந்தப் போட்டோவுக்குப் பதினைந்து சிங்கப்பூர் டாலர் என்று மறுநாள்தான் தெரிந்தது. அன்றைய விலைக்கு ஒரு டாலர் இருபத்தேழு ரூபாய். போட்டோவை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

எங்களோடு அதே டூரில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரரும் அவர் மனைவி சரசு அக்காவும் வந்திருந்தார்கள். மொத்தத்தில் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் ஏறினார்கள். மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சர், கப்பல்ங்கறாங்க, அசையவே மாட்டீங்குதுங்களே?" என்றார். உண்மைதான். அது கப்பலாகவே தெரியவில்லை. பதின்மூன்று மாடி, லிப்டு, கம்பளம் விரித்த நடை, நகைக்கடை, வாசனைத் திரவியக் கடை, சூதாட்டக் கூடம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று தெரியாமல் திண்டாடுவதுபோல் இருந்தது.

எங்கள் அறை ஐந்தாம் மாடி. உள்ளே இரண்டு ஒல்லிக் கட்டில்கள், எதிர்ச் சுவரில் அழகாக ஒரு திரைச்சீலை. கடல் தெரியும் அறை என்று டிராவல்ஸ்காரர் வாயால் சொல்லியிருந்தார். இவர் ஆசை ஆசையாகப் போய்த் திரையை இரண்டு கையாலும் விலக்கினார். அங்கே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் இவர் முகம்தான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிராவல்ஸ்காரர் எதிரே இருந்திருந்தால் கணக்கு டீச்சரின் கை எப்படி இருக்கும் என்று காட்டியிருப்பேன். இவர் திரையை மெதுவாகத் திரும்ப மூடிவிட்டு, "விடு பிலோமி. தூங்கத்தானே ரூம்பு. நாம மேலதான உக்காரப் போறோம்" என்றார்.

சாப்பாடு ஆறு மணிப் பந்தி, எட்டு மணிப் பந்தி என்று இரண்டு. எங்களுக்கு ஆறு. இந்திய உணவு உண்டு என்று காகிதத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் மஞ்சளாக ஒரு குழம்பில் மிதந்தன. காலை, பகல், மாலை மூன்று வேளையும் அதே கிழங்கு, அதே பட்டாணி. பரிமாறிய பையனிடம், ரசமோ மோரோ ஏதாவது கிடைக்குமா என்று நல்ல இங்கிலீஷில்தான் கேட்டேன். அவன் பக்கத்தில் நின்றவனிடம் தன் பாஷையில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைத்தான் சிரித்தார்களா, வேறெதற்கோ சிரித்தார்களா, இன்றுவரை தெரியாது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இனி இந்தக் கப்பலில் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். கைப்பையில் கொண்டுபோன பருப்புப் பொடியை மேசைக்கடியில் பிரித்துச் சோற்றில் தூவிக்கொண்டோம். நான் எடுத்த அந்த வீறாப்பு முடிவு எங்களை என்ன பாடு படுத்தியது என்பதுதான் மேலே சொல்லப்போகும் கதை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு லிப்டில் பன்னிரண்டாம் மாடிக்குப் போனோம். கதவு திறந்ததும் காற்று வந்து முகத்தில் அடித்தது. நீளமான திறந்தவெளித் தளம். நடுவில் நீச்சல் குளம். இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தபடி, படத்தில் இருந்த அதே வெள்ளைச் சாய்வு நாற்காலிகள். இருநூறாவது இருக்கும். அத்தனை நாற்காலியிலும் ஒரு நீலத் துண்டு கிடந்தது.

இவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். ஒரு நாற்காலிகூட வெறுமனே இல்லை. ஆளும் இல்லை. "திருவிழா ஸ்பெஷல் பஸ்ஸுக்குக்கூட இம்புட்டு வெள்ளன துண்டு விழாது. ராத்திரியே வந்து போட்டுட்டுப் போயிருக்காங்க, கெட்டிக்காரங்க" என்றார். குரலில் கோபமில்லை. ஒருவித மரியாதைகூட இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே எறிவார்கள். துண்டு எந்த சீட்டில் விழுந்ததோ அந்த சீட் எறிந்தவருடையது. அவர் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து ஏறலாம். சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் இதை எல்லோரும் மதிப்பார்கள். மதிக்காதவனுக்குக் கண்டக்டர்தான் நீதிபதி. என் வீட்டுக்காரர் வண்டியில் துண்டு கிடந்த சீட்டில் இன்னொருவன் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு துண்டுச் சண்டைகூட போலீஸ் நிலையம் வரை போனதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

எட்டு மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர், சீனர், வடக்கத்திக்காரர் எல்லோரும் வந்து, நீலத் துண்டு மேல் சாய்ந்து, காலை நீட்டினார்கள். "பாத்தியா, அவங்கவங்க இடத்துக்கு அவங்கவங்க வந்துட்டாங்க" என்றார் இவர். நாங்கள் கம்பியோரமாக நின்று கடலைப் பார்த்தோம். நின்றுகொண்டே பார்க்கிற கடலைக் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடிகிறது. அரை மணி நேரத்தில் அவர் ஒரு காலைத் தூக்கிக் கீழ்க்கம்பியில் வைத்தார். அப்புறம் அடுத்த காலை. எனக்கு முழங்கால் வலி, படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, படியில் உட்காரக் கூடாது என்று சிரித்த முகமாக எழுப்பிவிட்டாள்.

பகல் இரண்டரைக்குப் பினாங்கு. சிங்கப்பூரிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் வந்திருப்பதாகத் தொலைக்காட்சியில் படம் போட்டுக் காட்டினார்கள். கப்பலை விட்டு இறங்க ஒன்றேகால் மணி நேரம் வரிசை. இறங்கியதும் ஒரு பஸ்ஸில் ஏற்றி ஈயப் பாத்திரக் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் கூட்டிப்போனார்கள். கோயில் ஒன்றைப் பஸ் ஜன்னல் வழியாகவே காட்டினார்கள். ஐந்தரைக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் பார்த்த மலேசியா இரண்டு கடை, ஒரு மூத்திரக் கூடம். ஆனால் கடைக்கு வெளியே ஒரு தமிழ் அம்மாள் தள்ளுவண்டியில் விற்ற வடையை மறக்க மாட்டேன். ஆளுக்கு மூன்று தின்றோம்.

புதன்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மேலே போனோம். துண்டுகள் கிடந்தன. இவர் தன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். எறிவதற்கு ஒரு வெறும் நாற்காலி வேண்டுமே. துண்டை மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

காலை பத்து மணிக்குப் புக்கெட் தீவு. கரைக்குப் போகாமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கினார்கள். இவருக்குக் கால் வீங்கிவிட்டது, செருப்பு வார் உள்ளே போகவில்லை. நாங்கள் இறங்கவில்லை. சரசு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் போனார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இருநூறு நாற்காலி, இருநூறு நீலத் துண்டு. எதிரே பச்சைக் கடல், தூரத்தில் செங்குத்தாக நின்ற பாறைத் தீவுகள். எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பேர்த்துத் தண்ணீரில் வைத்ததுபோல் இருந்தன.

நான் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். "யாருமே இல்லையேங்க. செத்த நேரம் உக்காருங்க, வந்தா எந்திரிச்சுக்கலாம்" என்றேன்.

"மணப்பாறையில டீக்கு நிப்பாட்டுறோம். எல்லாரும் இறங்கிப் போயிருக்காங்க. சீட்டுல துண்டு கிடக்கு. வேற ஆளை அதுல உக்கார வைப்பேனா நானு?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தோராயிரம், கண்ணாடி ஜன்னல், பட்டாணிக் குழம்பு, எல்லாம் சேர்ந்து வந்தது. "முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல நின்னது போதாதுன்னு காசு குடுத்துக் கப்பல்லயும் நிக்க வந்தீங்களா? நீங்க என்ன இந்தக் கப்பலுக்குக் கண்டக்டரா?" என்று கத்திவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும் நான் பேசியதற்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு ஆசை சொன்னான். அதையும் நான் சொல்லிக் காட்டிவிட்டேன். அவர் நேர்மையாக இருந்தே பழகியவர். ஊர் மாறினால் அது மாறிவிடுமா? வருவோர் போவோரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது, வாய் இருந்தது. கேட்டால் மறுபடி சிரிப்பார்களோ என்ற பயமும் இருந்தது. நான் கீழே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை முழுக்கக் கடல். எங்கும் நிற்காது. அந்த நாளுக்காகத்தான் வந்தோம் என்றுகூடச் சொல்லலாம். சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தபோது சரசு அக்காவின் முகமும் வாடியிருந்தது. மண்டிக்காரர் சூதாட்டக் கூடமே கதியென்று கிடக்கிறாராம், இந்த அம்மாள் தனியாக அறையில் தமிழே இல்லாத தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "எங்க தோட்டத்துல தொட்டி மேல ஏறி நின்னா இதவிடக் காத்து வருமுங்க" என்றார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பணியாளிடம் தன் அறையின் தண்ணீர்க் குழாய் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை என்பதில் அற்பமாக ஒரு ஆறுதல்.

மேல்தளத்தில் அன்று திருவிழாக் கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு, நீச்சல் குளத்தைச் சுற்றி ஏதோ போட்டி, ஐஸ்கிரீமுக்கு வரிசை. இவர் கப்பலின் பின்பக்கம் ஒரு மூலையைப் பிடித்து நின்றார். கப்பல் கிழித்துக்கொண்டு வந்த தண்ணீர் வெள்ளையாக நீண்டு போவதைப் பார்த்தபடி, ஒரு கால் கீழ்க்கம்பியில், ஒரு கால் தரையில். பகல் முழுக்க அப்படித்தான். நடுவில் நான் போய் நின்றபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். முந்தின நாள் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆறு மணிப் பந்திக்கு அன்று அவர் வரவில்லை, பசியில்லை என்றார். நானும் போகவில்லை. ஆறே முக்கால் இருக்கும். தளத்தில் கூட்டம் கலைந்து சாப்பிடப் போய்விட்டது. தொப்பி வைத்த கறுத்த ஆள் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பெரிய சக்கர வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர் நாற்காலி மேல் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டிக்குள் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது.

என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. வீங்கின காலோடு விறுவிறுவென்று போய் அந்த ஆளின் கையைப் பிடித்துவிட்டார். பாஷை தெரியாத ஊரில் என்ன வம்போ என்று நான் பின்னாலேயே ஓடினேன். இவர் தமிழிலேயே அதட்டினார்: "ஏலே, அடுத்தவங்க துண்டை எதுக்கு எடுக்குற? சாப்பிடத்தான் போயிருக்காங்க. வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

அந்த ஆள் ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து, "சார் தமிழா? நமக்குத் தூத்துக்குடி. பேரு செல்வின்" என்றார். நீலத் துண்டைக் காட்டி, "இது யாரு துண்டும் இல்ல சார், கப்பல் துண்டு. நாந்தான் வெடியக்காலம் நாலரைக்கு வந்து எல்லா நாற்காலிக்கும் விரிச்சிப் போடுதேன், சாயங்காலம் அள்ளிட்டுப் போயித் துவைக்கப் போடுதேன். வாரவங்க உக்காரத்தான் சார் போடுதது."

இவர் அவர் கையை விட்டார். நாற்காலிகளை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

செல்வின் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "காலையில வேலை முடிச்சிட்டு இறங்கும்போது தூரத்துல ரெண்டு பேரையும் பாப்பேன் மேடம். நின்னுக்கிட்டே இருப்பாங்க. சாருக்கு நிக்கத்தான் பிடிக்கும்போலன்னு நெனச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று நாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். செல்வின் வண்டிக்குள்ளிருந்து இரண்டு சுத்தமான துண்டுகளை எடுத்து உதறி, கடலைப் பார்த்த இரண்டு நாற்காலியில் விரித்து, இவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். இவர் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தார், வேறொருவர் சீட்டில் உட்காருகிறவர்போல. பிறகு மெதுவாகச் சாய்ந்தார். வீங்கின காலைத் தூக்கி நீட்டினார். சூரியன் கடலைத் தொட இன்னும் கால் மணி இருந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டு வந்தது. கரை எந்தப் பக்கமும் இல்லை. அப்பாடா, உங்கள் நாற்பத்தோராயிரம் இதோ வந்துவிட்டது என்று சொல்ல நான் அவர் பக்கம் திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மனுஷன் தூங்கிப் போயிருந்தார்.

நான் எழுப்பவில்லை. மூன்று நாள் நின்ற களைப்பை எழுப்பி என்ன செய்வது? சூரியன் இறங்கியதை அவருக்கும் சேர்த்து நானே பார்த்தேன். செல்வின் எங்கள் இரண்டு துண்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனார். இருட்டி வெகு நேரம் கழித்து அவரே வந்து எழுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை மேலே போனபோது சிங்கப்பூரின் கட்டடங்கள் சுற்றிலும் வந்துவிட்டன. ஒலிபெருக்கி எங்களை மாடிவாரியாக இறங்கச் சொன்னது. போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான செய்தி ஒன்றுதான்: கப்பலில் நாற்காலி மேல் துண்டு கிடந்தால் தயங்காமல் உட்காருங்கள். மற்றபடி பருப்புப் பொடி கொண்டுபோங்கள். ஜன்னல் உண்டா என்பதை எழுதி வாங்குங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சிப் பேருந்து நிலையம். மறுநாள் முகூர்த்தம் வேறு. பட்டுச் சேலையும் சீர்வரிசைத் தட்டுமாகக் கூட்டம் அலைமோதியது. திண்டுக்கல் வழியாகக் குமுளி போகும் வண்டி உள்ளே திரும்பியது. ஐம்பது பேர் அதோடு ஓடினார்கள். இவர் பெட்டிகளோடு ஓரமாக நின்று, அடுத்த வண்டிக்குப் போகலாம் என்றார். நான் அவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவினேன். ஒரு டீச்சர் செய்கிற காரியமா என்று இத்தனை வருடம் நான் முகம் சுளித்த காரியம் அது. முழங்கால் வலியோடு வண்டி பக்கத்தில் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தேன். கச்சிதமாக ஜன்னலோர சீட்டில் விழுந்தது.

நாங்கள் ஏறுவதற்குள் ஒரு வாட்டசாட்டமான ஆள் துண்டை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருடம் வகுப்பை அடக்கின குரல் எதற்கு இருக்கிறது? வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆள் எழுந்துவிட்டார். இவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அணை கட்டினதுபோல் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கர்ப்பிணி ஏறினால் என் இடத்தைக் கொடுப்பதென்று மனதுக்குள் முடிவு. டிக்கெட் ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். கொடுத்த கண்டக்டர் இவருக்குக் கீழே வேலை பழகின பையன், பேர் முருகன். "அண்ணே, என்னண்ணே உக்காந்து வாரீங்க" என்று ஆச்சரியப்பட்டான்.

மணப்பாறை தாண்டியது. தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வையம்பட்டி, அய்யலூர். சோளத் தட்டை, கிணறு, முள்ளுக்காடு, மல்லிகைத் தோட்டத்தில் குனிந்திருந்த பெண்கள். அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பத்தொம்பது வருசம் இந்த ரூட்டுல போயிருக்கேன்" என்றார். "ஆளுக மொகத்தைத்தான் பாத்திருக்கேன். இந்தப் பக்கம் இம்புட்டு பெரிய குளம் இருக்குறதே எனக்குத் தெரியாது பிலோமி."

அது அப்படியொன்றும் பெரிய குளம் இல்லை. ஜூன் மாதம், தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. ஆனால் நான் கழுத்தை நீட்டி, அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திண்டுக்கல். "திண்டுக்கல்லெல்லாம் இறங்குங்க" என்று முருகன் கத்தினான். பாதி வண்டி காலியானது. நான் எழுந்து மேலே இருந்த பையை எட்டினேன். இவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அப்பு முருகா, வத்தலக்குண்டு ரெண்டு குடு."

திண்டுக்கல்லைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டிய ஊர் அது. முருகன் நோட்டைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, வீடு நாகல் நகர்தான?"

"வீடு அங்கதாண்டா இருக்கும்" என்றார்.

ஆறு நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீடு, அழுக்குத் துணி, சொல்லிவைக்காத பால், எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. பையை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலியாகிவிட்ட முன் சீட்டுக் கம்பிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். முருகன் விசில் ஊதினான்.